மணப்பாட்டுக் கடற்குகை

திருச்செந்தூரினின்று குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரையில் யாம் கரையோரமாகவே நடந்து சென்றோம். ஆங்குள்ள குன்றின் கடற்புறத்தே, 1542-ஆம் ஆண்டில் இக்கரை சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகையைக் கண்டோம். குன்றோ கருங்கல்லன்று, மணலும் சிப்பித்துகளும் சுண்ணாம்பினால் இறுகிய மென்பாறை. இத்தகைய பாறையின் வெடிப்புகளில் அலை புகுந்து, உள்ளிருக்கும் காற்றை நெருக்கிச் சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுக்கும். கடல் குகை குடையும் விதம் இதுவே.

எம்முள் ஒருவர், "நினைவுக்கு ஓர் அடையாளம் வேண்டாவோ?" என்று, வகுப்பின் பெயரைச் சுவரிற் பொறிக்கக் கத்தியை எடுத்தார். சிலர் ஆமென்றனர், சிலர் தடுத்தனர். அருகே நின்ற மீனவப் பெரியவர், "ஏன் தம்பி, கடல் அரிக்கிறது போதாதா?" என்றார். கத்தி மடங்கிற்று.

நண்பர்காள்! அக்குகையில் எம் பெயரைக் காணமாட்டீர், சுவரைக் காண்பீர். அதுவே எமக்கு உவகை.