பொண்ணுக்கு ரத்தம் நெகட்டிவாமே!

போன வாரம் ஊரில் ஒரு சம்பந்தம் முறிந்தது. பேசி முடித்து, நிக்காஹ்வுக்கு நாளும் குறித்த சம்பந்தம். பெண் எங்களிடம் படித்த பிள்ளை. காணி, வீடு, சீதனம் எதிலும் பிரச்சினை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய மெடிக்கல் ரிப்போட்டில் ஓ நெகட்டிவ் என்று இருந்திருக்கிறது. "பொண்ணுக்கு ரத்தம் நெகட்டிவாமே, புள்ள தங்காதாமே" என்று மாப்பிள்ளையின் சாச்சி சொல்லியிருக்கிறா. அதோடு கதை முடிந்தது. (யார் வீடு என்று கொமெண்டில் கேட்க வேண்டாம்.)

இந்தப் பதிவை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். எங்கள் வீட்டிலும் அதே ஓ நெகட்டிவ் தாய் இருக்கிறா. எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தோம். எங்கள் பிழையையும் சொல்லாமல் இதை எழுத முடியாது.

செங்குழியம் என்றால் நடுவில் பள்ளமான சிவப்புத் தட்டு என்று வகுப்பில் படம் கீறிக் காட்டுவோம். அந்தத் தட்டின் வெளிப்புறம் வெறுமையானது அல்ல. ஏ, பி என்று நாம் சொல்பவை அதில் ஒட்டியிருக்கும் சிறு சீனிச் சங்கிலிகள். டி என்பது மென்சவ்வுக்குள் பதிந்திருக்கும் ஒரு புரதம். அது இருந்தால் பொசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இல்லாதவருக்கு ஒரு சுகயீனமும் இல்லை. எங்கள் நாட்டில் கிட்டத்தட்ட இருபது பேரில் ஒருவருக்கு அது இல்லை. ஐரோப்பியரில் ஆறேழு பேரில் ஒருவருக்கு இல்லை. 'நெகட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ பரீட்சையில் பெயிலான மாதிரி நம்மவர்களுக்குப் படுகிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தாய் நெகட்டிவாகவும் வயிற்றில் இருக்கும் பிள்ளை தகப்பனைப் போலப் பொசிட்டிவாகவும் இருக்கும்போதுதான். பிரசவத்தில், அல்லது கரு கலையும்போது, பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கலாம். அதுவரை டியைக் காணாத தாயின் உடல் அதை அந்நியன் என்று நினைத்துப் பிறபொருளெதிரியைச் செய்து வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பொசிட்டிவ் பிள்ளை வரும்போது அந்த எதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து போய் அதன் செங்குழியங்களை உடைக்கும். உடைந்ததிலிருந்து வரும் பிலிரூபின் கூடினால் மூளையைப் பாதிக்கும்.

எங்களுக்குத் திருமணமாகி இரண்டாம் வருடம், நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. டவுணில் ஒரு தனியார் இடத்தில் சுத்தம் செய்து அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். இரத்த வகையை அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் அப்போதே பத்து வருடமாக விஞ்ஞானம் படிப்பித்தவர்! கண்ணூறு என்று உம்மா ஓதி ஊதினா. ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பது மட்டும்தான் எங்கள் யோசனையாக இருந்தது.

அடுத்த முறை கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது பிறபொருளெதிரி ஏற்கெனவே இருந்தது. "இனி ஊசி போட்டுப் பிரயோசனமில்லை" என்றார் டொக்டர். மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். பிறந்த அன்றே, பொழுது சாய்வதற்குள் மஞ்சளாகிவிட்டாள். பச்சைப் பிள்ளைகளுக்கு வழக்கமாக வரும் மஞ்சள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்தால் அது வேறு சாமான். நீல வெளிச்சம் போதவில்லை. தொப்புள்கொடி நாளம் வழியாக அவளுடைய இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த அளவுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் ஏற்றினார்கள். ஒரு சிரிஞ்ச் வெளியே, ஒரு சிரிஞ்ச் உள்ளே. கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணினோம். முப்பதுக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

இப்போது அவள் தரம் 6. கெட்டிக்காரி, வாய்க்காரியும்கூட. இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறாள்.

நாலாம் மாதத்தில் எங்களுக்குத் தவறிப்போன அந்த ஊசியின் பெயர் அன்ரி-டி. 1960களில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயோர்க்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. லிவர்பூல் குழுவின் சிரில் கிளார்க், வண்ணத்துப்பூச்சிகளின் பரம்பரையியலை ஆராய்ந்துகொண்டிருந்த டொக்டர். பயப்படும் பிறபொருளெதிரியையே ஊசியில் கொடுப்பதுதான் அதன் சூட்சுமம். உள்ளே வந்த பிள்ளையின் செங்குழியங்களை அது துப்புரவாக்கிவிடும். தாயின் உடல் அந்தப் பாடத்தைப் படிக்கவே படிக்காது. 1968இல் பாவனைக்கு வந்தது. ஏழாம் மாதமளவில் ஒன்று, பிள்ளை பொசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் ஒன்று. கரு கலைந்தாலும், விழுந்து வயிற்றில் அடிபட்டாலும், இடையில் இரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "நான் நெகட்டிவ்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த மருந்தைச் செய்வதே மனிதர்கள் கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்துதான். அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் என்றொருவர், 14 வயதில் நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்து பிறர் இரத்தத்தால் பிழைத்தவர். 18 வயதில் தொடங்கி 81 வயதுவரை 1,100 தடவைக்கு மேல் கொடுத்தார். ஊசி ஏறுவதைப் பார்க்கப் பயந்து ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். 2025இல் காலமானார்.

முந்தாநாள் மாப்பிள்ளையின் வாப்பாவைக் கண்டு இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். மாப்பிள்ளையும் நெகட்டிவ் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொல்லி, "மகனுடைய இரத்த வகை என்ன?" என்று கேட்டோம்.

அது இன்னும் பார்க்கவில்லையாம்.