நோன்பும் ஒரு சிறு மாத்திரையும்



"சாமி, நன்மை வாங்கும் நாளில் தைராய்டு மாத்திரை போடலாமா?" என்று கடலூரில் என் பங்கு மக்களுள் சிலர், பெரும்பாலும் தாய்மார்கள், கேட்பதுண்டு. கேட்போரைவிட, கேளாமலேயே ஞாயிறுதோறும் மாத்திரையை விட்டுவிடுவோரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். தவக்காலம் முழுவதும் விட்டுவிட்ட மூதாட்டி ஒருவரையும் அறிவேன். சில ஆண்டுகளாக இதே மாத்திரையை நாள்தோறும் உட்கொள்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

முதலில் திருச்சபையின் ஒழுங்கு. முன்னாளில் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாதிருந்தே நற்கருணை உட்கொண்டனர். தண்ணீர் அந்நோன்பை முறிக்காது என 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். 1964இல் ஆறாம் சின்னப்பர் நோன்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 919ஆம் எண்ணில், தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு அளிக்கிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் சிறிது உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். ஆகவே, மாத்திரையை விடுவது நோன்பு ஆகாது.

வியப்பு யாதெனில், இம்மருந்தும் தன் பங்குக்கு ஒரு நோன்பைக் கேட்கிறது. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீருடன் விழுங்கியபின், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் உண்ணலாகாது. காப்பியும் கூடாது, அது மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எழுந்தவுடன் மாத்திரை, பின்பு திருப்பலி, வீடு திரும்பியபின் காப்பி என்று வைத்துக்கொண்டால் இரு நோன்புகளும் ஒன்றாகவே நிறைவேறும்!

இந்நோய் அரிதானதன்று. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது. சுரப்பி தராததை மாத்திரை தருகிறது. அந்தச் சுரப்புப் பொருளான தைராக்சினை அமெரிக்க அறிஞர் கெண்டல் முதன்முதல் படிகமாகப் பிரித்தெடுத்தது 1914ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் என்பது நமக்கு இனிய செய்தி.

மருந்தை நிறுத்தியவுடன் ஏதும் தோன்றாது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். உடலில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சில வாரங்கள் கழித்துச் சோர்வும் மலச்சிக்கலும் முகவீக்கமும் மறதியும் மெல்ல வந்து சேரும். அப்போது வயதின்மேல் பழி போடுவோம். ஒரு நாள் மறந்துவிட்டால், மறுநாள் தாமாக இரண்டாகப் போடுதல் ஆகாது. உடல் மெலிவதற்கென்று அளவைக் கூட்டுவதும் தவறு. மிகுந்தால் இதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இதனுடன் சேரலாகாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் இதை முக்கியமாக நினைவில் கொள்க. கரு உறுதியானவுடன் மருத்துவரைக் காண வேண்டும். அளவைக் கூட்ட நேரிடலாம். அளவை மாற்றினாலும், வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறினாலும், ஆறு முதல் எட்டு வாரங்களில் இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைப் பார்ப்பது முறை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு அருகிலேயே உள்ளன.

ஆகஸ்ட் இறுதியில் சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரிலும் சிலர், "மாதா பார்த்துக்கொள்வாள்" என்று மருந்தை வீட்டில் வைத்துவிட்டு வருகின்றனர். எடுத்துச் செல்லுங்கள், ஆனால் வெயிலும் ஈரமும் படாமல் வைத்திருங்கள். வீட்டிலும் அடுப்பருகே வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் கரையைத் தாக்கியபின் கடைகளும் சாலைகளும் இருந்த நிலையை மறந்திருக்கமாட்டீர்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு மாத மருந்தாவது கையிருப்பில் இருக்கட்டும்.

தவக்காலத்தில் விடத்தக்கவை பல உண்டு: இறைச்சி, வீண்பேச்சு, அயலார்மேல் கொண்ட கோபம். மருத்துவர் தந்த மாத்திரை அவற்றுள் ஒன்றன்று. பெற்றோர் வாங்கி வைத்த மாத்திரையை நாள்தோறும் போட்டார்களா என்று பிள்ளைகள் கேட்பதும் அன்புப் பணியே.