படகுத்துறையில் ஒரே குரல்

சுங்கை பூலோவில் சனிக்கிழமை காலை என்றால், பூச்செடி நர்சரிகளுக்குப் போகும் கார்கள்தான் கண்ணில் படும். சென்ற மாதம் அந்த வரிசைக்கு நடுவே எங்கள் கார் ஒரு படகை இழுத்துக்கொண்டு போனது. தூண்டில் பைத்தியமான நண்பர் ஒருவர் 16 அடி ஃபைபர் படகு வாங்கியிருந்தார். கூட்டரசு சாலை 54-இல் ஈஜோக்கைத் தாண்டி, அசாம் ஜாவாவில் திரும்பினால் கோலசிலாங்கூர்.

புக்கிட் மெலாவாத்தி குரங்குகளையும் கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் பார்க்கப் பலமுறை போன ஊர்தான். படகு இறக்கும் சாய்தளத்தில் நின்றது அன்றுதான் முதல்முறை.

ஆற்றில் நீர் வற்றியிருந்தது. தளத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் பாசி. நண்பர் காரைப் பின்னால் எடுக்க, நான் ட்ரெய்லருக்குப் பின்னே நின்று கைகாட்டினேன். அவர் மனைவி “நிறுத்துங்க” என்றார். மகன் “இன்னும் வரலாம்பா” என்றான். அதற்குள் டயர் பாசியில் வழுக்கியது. வலை பின்னிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர், “அங்கே நிற்காதே!” என்று மலாயில் கத்தினார். பக்கவாட்டில் குதித்தேன். நான் நின்ற இடத்தில் வந்து நின்றது ட்ரெய்லர்.

பெரியவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இங்கே உத்தரவு போடுவது யார்?” எங்களிடம் பதில் இல்லை.

கணக்கு எளிது. 7 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறங்கும் தளத்தில், 1 டன் எடையுள்ள படகும் ட்ரெய்லரும் சுமார் 140 கிலோ பாரத்தோடு கீழ்நோக்கி இழுக்கும். ஈரத்தரையில் காலூன்றி அதை யாரும் கையால் தடுக்க முடியாது. அதனால் படகுக்குப் பின்னால் ஆள் நிற்கக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டதோடு சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும். வின்ச் பட்டையை நீர் விளிம்பில்தான் கழற்ற வேண்டும். மேலேயே கழற்றினால் படகு சிமெண்டில் விழும்.

கரையேற்றும்போது ஆபத்து கயிற்றில் இருக்கிறது. நைலான் கயிறு இழுபட இழுபட ரப்பர் போல நீளும். அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். விறைத்த கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்பதோ, அதைத் தாண்டுவதோ, கையில் சுற்றிக்கொள்வதோ கூடாது. பிள்ளைகள் தளத்தை விட்டே தள்ளி இருக்கட்டும். படகுக்குள் 100 லிட்டர் தண்ணீர் தேங்கியிருந்தால் 100 கிலோ கூடுதல் சுமை. முதலில் அதை இறைத்துவிடுங்கள். இறக்கும் முன் அடைப்பான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணியுங்கள்.

நேரமும் முக்கியம். கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் 4 மீட்டரை எட்டும். நீர் ஏறும்போது இறக்கினால் பாசியும் சேறும் மூழ்கிக் கிடக்கும். ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பியதுதான் எங்கள் முதல் தவறு.

நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்தவர்கள். கட்டுமரத்தைக் கரை சேர்த்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகச் சுமந்து போய் உலர்த்துவார்கள். கனமான படகென்றால் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ‘ஐலசா’ என்று ஒரே நேரத்தில் தோள் கொடுப்பார்கள். அதை வெறும் பாட்டு என்றே நினைத்திருந்தேன். பத்துப் பேரின் பலம் ஒரே நொடியில் சேரவும், ஒருவர் கால்கூட நசுங்காமல் இருக்கவும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

வானொலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நேயருக்கு எதுவும் விளங்காது. படகுத்துறையிலும் அப்படித்தான். உத்தரவு ஒருவர் வாயிலிருந்து வரட்டும். ‘நிறுத்து’ என்று மட்டும் யாரும் கத்தலாம். கேட்டவுடன் எல்லாரும் நிற்க வேண்டும்.

நாங்கள் நீர் ஏறும்வரை காத்திருந்தோம். நண்பரின் மனைவி குரல் கொடுத்தார். படகு சத்தமில்லாமல் ஆற்றில் இறங்கியது. அன்று மீன் ஒன்றும் சிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம்.