எத்தனை தலையணை?

முதற் பிரசவம் தாய்வீட்டில் நடப்பதே நம் வழக்கம். ஆனால் என் மருமகளுக்கு எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் 150/100 என ஏறி, சிறுநீரில் புரதமும் காணவே, ஒன்றரை நாள் இரயில் பயணம் கூடாதென்று டாக்டரம்மாள் தடுத்துவிட்டார். ஆகவே சம்பந்தியம்மாளே திருநெல்வேலியிலிருந்து பிரசவ லேகியத்துடன் எங்கள் செம்பூர் வீட்டிற்கு வந்து சேர்ந்தார்.

37-ஆம் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பிறந்துவிட்டால் அழுத்தம் தானே தணிந்துவிடும் என்று நான் கவலையை விட்டேன். பிரசவத்திற்குப் பின்னும் சில நாட்கள் அது ஏறக்கூடும் என்பதை அப்போது அறியேன்.

பத்தாம் நாள் குளியலறை வரை நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மூவரைப் பெற்றவள் என்னும் செருக்கு எனக்கு!

"மதினி, இது களைப்பாகத் தோன்றவில்லை. இராத்திரி முழுவதும் உட்கார்ந்தே உறங்குகிறாள்" என்றார் சம்பந்தியம்மாள். பெண்ணைப் பெற்றவரின் வீண் பயம் என்றே எண்ணினேன். நல்லவேளையாக என் மகன் என்னைக் கேட்கவில்லை. அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றான்.

அங்கே டாக்டர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாள்?" என்பதே. நான் விழித்தேன். "மூன்று" என்றார் சம்பந்தியம்மாள்.

எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு 55 பங்காவது வெளியே தள்ளவேண்டிய இடது கீழறை, 30 பங்கையே தள்ளியது. எஞ்சியது பின்னே தேங்கியதால் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது அதனால்தான். பிரசவத்தை ஒட்டி வரும் இதயத்தசை நோய் இது என்றும், கடைசி மாதம் முதல் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் வரை தோன்றலாம் என்றும், கர்ப்பகால இரத்த அழுத்தம் உடையவர்களுக்கு அதிகம் வரும் என்றும் விளக்கினார். பிராணவாயுவும் நீரிறக்கும் மருந்தும் கொடுத்தபின், மூன்றாம் நாள் ஒரே தலையணையில் அவள் உறங்கியதைக் கண்டேன். சம்பந்தியம்மாளின் முகத்தை மட்டும் நேரே பார்க்க இயலவில்லை.

ஆறு மாதத்தில் 50 பங்காயிற்று. மறுபடி கருவுற்றால் நோய் திரும்பக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அழுத்தம் பார்த்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் ஊரிலிருந்து என் தமக்கை தொலைபேசியில், "அடுத்தது ஆண் பிள்ளையாகட்டும்" என்று வாழ்த்தினாள். மருமகள் தலை குனிந்தாள். நானே பதில் சொன்னேன்: "எங்களுக்கு இந்த ஒருத்தி போதும், அக்கா."