பதில் வராத அழைப்பு

புதிதாக வாங்கிய ரவுட்டர் ஒன்று வீட்டின் ஒளியிழை இணைப்போடு சேர மறுக்கும்போது, கோளாறு ஒளியில் இருக்கலாம், பதிவில் இருக்கலாம், அங்கீகாரத்தில் இருக்கலாம், அல்லது வீட்டுக்குள்ளேயே இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கலாம். இவற்றுள் எது என்று பிரித்தறிவதுதான் களப்பணியாளரின் தொழிலே தவிர, வயரைச் சொருகிவிட்டுப் போவது அன்று. ஆயினும் வாடிக்கையாளர் முதல் பணியை ஒப்பந்தத்தில் எடுத்துக் கொடுப்பவர் வரை இது சொருகும் வேலையாகவே எண்ணப்படுகிறது என்பதற்கு, ஒரு புகாருக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் கூலி பேசப்படுவதே சான்று. அளந்து பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பவருக்கும், பெட்டியை மாற்றிவிட்டு உடனே கிளம்புபவருக்கும் ஒரே தொகை என்றால், அளக்கும் பழக்கம் எவ்வளவு காலம் நிலைக்கும்?

ஒளியிழை வந்து முடியும் இடத்தில் இருப்பது ஓஎன்டி எனப்படும் முனையக் கருவி. ஒளிக்குறிப்பை மின்குறிப்பாக மாற்றித் தருவது அதன் வேலை. கடையில் விற்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒளி நுழையும் வாசலே கிடையாது. அவை ஈதர்நெட் வயரைத்தான் ஏற்கும். ஆகவே புது ரவுட்டர் வந்தாலும் பழைய ஓஎன்டி அகலாது, அதன் பின்னால்தான் புதியது நிற்க வேண்டும் என்பது விற்பவருக்கே தெரியாதபோது வாங்குபவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஒளி சரியாக வருகிறதா என்பது முதல் கேள்வி. ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டினால் ஒளி வரவில்லை, அல்லது போதவில்லை. ஜிபான் எனப்படும் தொழில்நுட்பத்தில் பரவலாக உள்ள பி பிளஸ் வகையில், வீட்டு முனையக் கருவிக்குக் குறைந்தது மைனஸ் 27 டிபிஎம் ஒளி வேண்டும். அதாவது ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இவ்வளவு சிறிய ஒளியை வைத்துக்கொண்டு வேலை நடப்பதால்தான், கனெக்டரின் முனையில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத தூசும், 9 மைக்ரான் அகலமே உள்ள ஒளிப்பாதையை மறைத்து இணைப்பைக் கெடுத்துவிடுகிறது. பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்த்துத் தீட்டப்பட்டது. நீல நிறத்தின் முனைக்கு அந்தச் சாய்வு கிடையாது. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கெனப் பொருந்திக்கொள்ளும் என்பதே ஆபத்து, ஏனெனில் உள்ளே முனைகள் சேராமல் இடைவெளி விழுந்து ஒளி சிதறும்.

பவர் மீட்டரை வைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் இங்கே ஏமாறுவதுண்டு. இணையத்துக்கான ஒளி 1490 நானோமீட்டரில் வீட்டை நோக்கி வருகிறது; அதே இழையில் கேபிள் டிவி ஒளிபரப்பையும் ஏற்றியிருந்தால் அது 1550 நானோமீட்டரில், பெரும்பாலும் பெருக்கியின் வழியாக, பல மடங்கு வலிமையோடு வரும். சாதாரண மீட்டர் இரண்டையும் கூட்டிக் காட்டுவதால், இணைய ஒளி துளியும் இல்லாத இழையில்கூட அளவு பிரமாதமாகத் தெரியும். பணியாளர் ‘பவர் இருக்கிறது, பெட்டிதான் கோளாறு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் மீட்டரின் விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தேவையில்லாமல் மாற்றி எறியப்படும் பெட்டிகளின் விலையை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒளி வந்துவிட்டால் அடுத்தது பதிவு. நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள ஓஎல்டி என்ற தலைமைக் கருவி, ஜிபானில் ஓஎன்டியின் வரிசை எண்ணைக் கேட்டறிந்து, தன் பட்டியலில் அது இருந்தால் மட்டுமே சேர்த்துக்கொள்ளும். ஓஎன்டியையே மாற்றியவர்கள் புதிய எண்ணைத் தெரிவிக்காவிட்டால் எல்ஓஎஸ் அணைந்திருக்கும், பான் என்ற விளக்கு மட்டும் ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். உள்ளூர் இயக்குநர்கள் பலர் பயன்படுத்தும் ஈபான் வேறு இனம்; அந்த இணைப்பில் ஜிபானுக்கு மட்டுமான கருவியை மாட்டினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் அதே சிமிட்டல்தான்.

இதுவரை சொன்னவை கண்ணால் பார்க்கக்கூடியவை. விளக்கு உண்டு, மீட்டர் உண்டு. விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் இணையம் வராத நிலையே இத்தொழிலின் உண்மையான தேர்வு. ஓஎன்டி பிரிட்ஜ் முறையில், அதாவது தானே ரவுட்டராகச் செயல்படாமல் வெறும் பாலமாக இருக்கும்போது, அழைப்பு விடுக்கும் பொறுப்பு புது ரவுட்டருடையதாகிறது. பிபிபிஓஇ என்ற முறையில் ரவுட்டர் முதலில் ‘எவரேனும் இருக்கிறீர்களா’ என்று பொதுவாக ஓர் அழைப்பை அனுப்பும். நிறுவனத்தின் சேவையகம் ‘இருக்கிறேன்’ என்று பதில் தந்த பிறகுதான் யூசர்நேமும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். இந்த வரிசையை நினைவில் வைத்தவருக்குக் கோளாறின் பாதி அங்கேயே தெளிந்துவிடும். கடவுச்சொல் தவறாக இருந்தால் மறுப்பு என்ற பதிலாவது வரும். பழைய விண்டோஸ் கணினிகளில் 691 என்ற எண்ணாகத் தெரிந்தது அதுதான். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், அழைப்பு சேவையகத்தின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை; 678 என்றது அதை. மறுக்கப்பட்ட அழைப்பும் கேட்கப்படாத அழைப்பும் ஒன்றல்ல என்பதை அறியாமல், இரண்டுக்கும் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பது இன்று களத்தில் சர்வ சாதாரணம்.

கேட்கப்படாமைக்கு முதற்காரணம் பெரும்பாலும் விலேன் எண். ஒரே கம்பியில் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி ஆகிய போக்குவரத்துகளைத் தனித்தனியே பிரித்துச் செலுத்த, ஒவ்வொரு தரவுத் துண்டின் தலையிலும் 1 முதல் 4094 வரையுள்ள ஓர் எண் பொறிக்கப்படுகிறது. நிறுவனம் எதிர்பார்க்கும் எண் இல்லாத துண்டு வழியிலேயே சத்தமில்லாமல் உதிர்க்கப்படும். அந்த எண்ணைப் பொறிப்பது ஓஎன்டியா, ரவுட்டரா என்பதுதான் முடிச்சு. இரண்டுமே பொறிக்காவிட்டால் பதில் இல்லை. இரண்டுமே பொறித்தாலும் பதில் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டு தவறுகளும் ஒரே மௌனமாகத்தான் தெரியும். ஆகவே ஒரு மடிக்கணினியை ஓஎன்டியில் நேரடியாக இணைத்து, எண் ஏதும் பொறிக்காமல் அழைத்துப் பார்ப்பது அவசியம். பதில் வந்தால் பொறிக்கும் வேலையை ஓஎன்டியே செய்கிறது, ரவுட்டரில் அதை நீக்கிவிட வேண்டும் என்று முடிவாகும்.

எண் சரியாக இருந்தும் பழைய ரவுட்டரின் நிழல் குறுக்கே நிற்பதுண்டு. சில நிறுவனங்கள் வாடிக்கையாளரின் கணக்கைப் பழைய கருவியின் அடையாளமான மேக் முகவரியோடு பிணைத்துவைத்திருக்கும். அதை விடுவிக்கச் சொல்ல வேண்டும், அல்லது புது ரவுட்டரில் அதே முகவரியைப் படியெடுத்து இட வேண்டும். பழைய ரவுட்டரை முறைப்படி துண்டிக்காமல் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால், சேவையகம் அது இன்னும் உள்ளே இருப்பதாகவே சிறிது நேரம் கருதி, இரண்டாவது நுழைவை மறுக்கும். இதற்கு மருந்து பெரும்பாலும் பொறுமையாகக் காத்திருப்பதே. புகாரை மூடும் அவசரத்தில் இருப்பவரிடம் இல்லாதது அதுதான்.

ஓஎன்டி பாலமாக இல்லாமல் தானே ரவுட்டராக இருந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும். அதன் உள்முகவரி 192.168.1.1 ஆகவும், புது ரவுட்டரின் உள்முகவரியும் அதுவாகவே தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தால், எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் வெளியுலகம் என்று ரவுட்டருக்கே பிடிபடாது. இரண்டிலொன்றை 192.168.2.1 என்று மாற்றினால் தீர்ந்தது.

செப்புக் கம்பிக் காலத்துத் தொலைபேசி லைன்மேன்களிடம் தொழில் பழகியவர்களுக்கு இந்தப் பிரித்தறிதல் இயல்பாகவே கைவந்தது. கோளாறு என்றதும் அவர்கள் தொலைபேசிக் கருவியைத் தொடமாட்டார்கள். நிலையத்தின் பகிர்வுச் சட்டத்தில் கம்பியைப் பிரித்து, கோளாறு உள்ளேயா வெளியேயா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தெருமுனைப் பெட்டி, பிறகு கம்பம், கடைசியில்தான் வீடு. ஒவ்வொரு இடத்திலும் பாதையை இரண்டாக வெட்டி, நல்ல பாதியை ஒதுக்கிவிட்டு நகர்வது அவர்கள் முறை; சோதித்த முடிவை ஜோடி எண்ணோடு சேர்த்துக் குறித்துவைப்பதும் அதில் அடக்கம். இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது ரீசெட் துளையில் நுழையும் ஊசி. பெரிய நிறுவனங்களின் ஓஎன்டிகளில் அழிந்த அமைப்புகளை நிலையத்திலிருந்து மீண்டும் இறக்கிவிட வழியிருக்கலாம்; கையால் அமைக்கப்பட்ட சிறு இயக்குநரின் கருவியில் விலேன் எண், பிரிட்ஜ் முறை, யூசர்நேம் எல்லாம் ஒரே அழுத்தலில் போய்விடும். ஒரு கோளாறோடு இருந்த வீட்டில் மூன்று கோளாறுகளை வைத்துவிட்டுப் போவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அழுத்துவதற்கு முன் அமைப்புப் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளும் சிறு ஒழுங்குகூட, பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் சொல்லித் தரப்படுவதில்லை. அங்கே முக்கியத்துவம் பெறுவது, பணி முடிந்ததற்கான ஓடிபியை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குவது.

இணைப்பு வந்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும். ஈதர்நெட்டின் ஒரு தரவுத் துண்டு 1500 பைட் வரை சுமக்கும். பிபிபிஓஇ தன் உறைக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1492. ரவுட்டர் 1500 என்றே நம்பிக்கொண்டிருந்து, ‘துண்டு பெரிது’ என்ற எச்சரிக்கைச் செய்தியும் வழியில் எங்கோ தடுக்கப்பட்டால், சில தளங்கள் திறக்கும், சில பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர் வைஃபை சரியில்லை என்பார். துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1464 பைட் பிங் ஒன்றை அனுப்பினால், 28 பைட் தலைப்பும் சேர்ந்து அது சரியாக 1492 ஆகும். அது போய்த் திரும்பி, 1465 போகாமல் நின்றால், ரவுட்டரில் எழுத வேண்டிய எண் கிடைத்துவிட்டது. இதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் தேவையில்லை, வாடிக்கையாளரின் மடிக்கணினியே போதும்.