செம்மண் தேசம் – 7: வரைந்தவருக்குக் கிடைக்காத நிலம்

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டியதும் லாரப்பிண்டா சாலை மேற்கே திரும்புகிறது. ஹெர்மன்ஸ்பர்க் போய்ச் சேர ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வலப்பக்கம் மெக்டோனல் மலைத்தொடர் விடாமல் கூடவே வருகிறது. ஒரு கோஸ்ட் கம் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அடிமரத்தைத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. ஆல்பர்ட் நமட்ஜிராவின் நீர்வண்ண ஓவியங்களில் ஓரமாக ஒதுங்கி நின்று, பின்னாலிருக்கும் மலைக்கு வழிவிடுமே, அந்த மரம்தான்.

ஹெர்மன்ஸ்பர்க் 1877ல் ஜெர்மானிய லூத்தரன் பாதிரிமார் நிறுவிய மிஷன். இந்தப் பகுதியின் பழங்குடிகளான அரண்டா மக்களுக்கு அது ன்டாரியா. வெள்ளையடித்த பழைய கட்டடங்கள், பேரீச்ச மரங்கள், ஒரு தேவாலயம். தேநீர்க் கடையில் ஆப்பிள் ஸ்ட்ரூடல் கிடைக்கிறது. பாலைவனத்து நடுவில் அதைச் சாப்பிடுவது விசித்திரமாகத்தான் இருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

அரண்டா இனத்தவரான நமட்ஜிரா 1902ல் இங்கே பிறந்தார். 1936ல் ரெக்ஸ் பாட்டர்பி என்ற வெள்ளைக்கார ஓவியருக்கு ஒட்டகத்தோடு வழிகாட்டியாகப் போனார். வழி காட்டியதற்குக் கைம்மாறாக நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் மெல்பர்னில் தனிக் கண்காட்சி. அத்தனை படங்களும் விற்றுப்போயின. அப்புறம் ஆஸ்திரேலிய வீடுகளின் வரவேற்பறைகளில் எல்லாம் அவருடைய அச்சுப்படங்கள் தொங்கின.

விமர்சகர்கள் பலர் மட்டும் மசியவில்லை. ஐரோப்பிய பாணியை நகலெடுக்கிறார், இதில் பழங்குடித்தன்மை எங்கே என்றார்கள். மலைக்கு இவ்வளவு ஊதா நிறம் மிகை என்று நினைப்பவர்கள் வெயில் சாயும் நேரத்தில் இங்கே வந்து நிற்க வேண்டும். சிவந்த பாறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிப்பூ நிறமாகிறது. நிறத்தை விடுங்கள், அவர் எதை வரைந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மலைகளும் கணவாய்களும் அரண்டா மக்களின் முன்னோர் நடமாடிய தடங்கள். இன்ன இடம் இன்னாரின் பொறுப்பு என்று வழிவழியாக வருபவை. அழகான காட்சியைத் தேடி அவர் அலையவில்லை. தன் ஊரைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். எழுத்தில் பட்டா இல்லாதவர், வண்ணத்தில் எழுதிக்கொண்ட பட்டா என்றுதான் அவற்றைப் பார்க்கத் தோன்றுகிறது.

அசல் பட்டா அவருக்குக் கிடைக்கவே இல்லை. பெருங்குடும்பத்தைக் காப்பாற்ற மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டார், மறுத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட அனுமதி கேட்டார், அதற்கும் இல்லை. வருமானத்துக்கு வரி மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள். 1957ல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் குடியுரிமை தந்தார்கள், பிள்ளைகளுக்கு இல்லை. குடியுரிமை இருந்ததால் அவர் மது வாங்கலாம். குடியுரிமை இல்லாத உறவினருக்குக் கொடுத்தால் குற்றம். இருப்பதைச் சொந்தபந்தத்தோடு பகிர்ந்துகொள்வது அரண்டா முறைமை. மறுவருடமே மது கொடுத்ததாக வழக்கு வந்தது. தண்டனைக் காலத்தைப் பப்புன்யா என்ற ஊரில் கழித்தார். வெளியே வந்தவர் 1959 ஆகஸ்டில் இறந்துபோனார்.

பப்புன்யா என்ற பெயரை ஓவியம் தெரிந்தவர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 1971ல் அங்கே ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டன் ஊக்கம் கொடுக்க, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சுவருக்குச் சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே தொடங்கிய புள்ளி ஓவியம் உலகத்து அருங்காட்சியகங்களுக்கெல்லாம் போய்விட்டது. நமட்ஜிரா அடைபட்டிருந்த அதே ஊர்! இம்முறை யாரும் 'பழங்குடித்தன்மை எங்கே' என்று கேட்கவில்லை. நீர்வண்ணமோ புள்ளியோ, சொன்ன விஷயம் ஒன்றுதான் என்பேன்.

நமட்ஜிராவின் ஓவியங்களின் பதிப்புரிமையையும் 1983ல் அரசு அறங்காவலர் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்துக்கு அது திரும்பி வர 2017 ஆயிற்று. கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா 2020ல் உருவப்பட ஓவியத்துக்கான ஆர்ச்சிபால்ட் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வென்ற முதல் பழங்குடி ஓவியர்.

ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் நிலம் 1982லேயே அரண்டா மக்கள் கைக்குத் திரும்பிவிட்டது. இங்கிருந்து கிங்ஸ் கான்யன் போகும் மெரீனி மண்சாலையும் பழங்குடி நிலத்தின் வழியேதான் செல்கிறது. அனுமதிச்சீட்டு இல்லாமல் போகக்கூடாது. இறங்கி முகாமடிக்கக் கூடாது, சாலையை விட்டு விலகக் கூடாது என்று நிபந்தனைகள் வேறு. ஊர்க் கடையில் சீட்டு வாங்கி, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டு கிளம்பினேன்.

(பயணம் தொடரும்)