பந்துக்கு எடை வந்த நாள்

அனிமேஷன் கற்கத் தொடங்கிய முதல் மூன்று வாரமும் பந்து மட்டும்தான் வரைந்தேன். கண் இல்லை, வாய் இல்லை, வெறும் வட்டம். லைட் பாக்ஸில் தாளை மாட்டி, அடித்தாளின் கோடு ஊடே தெரிய, அதை வைத்து அடுத்ததை வரைய வேண்டும். ஒவ்வொரு வட்டத்தையும் அத்தனை சுத்தமாகப் போட்டேன். ஓட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை. லிஃப்டில் இறங்குவதுபோல் இறங்கியது.

தப்பு வட்டத்தில் இல்லை. வட்டங்களுக்கு நடுவில் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி விட்டிருந்தேன். கையிலிருந்து விழும் பொருள் சம நேரத்துக்குள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரத்தைக் கடக்கும். பள்ளியில் படித்த கணக்குதான். உச்சியில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நிற்கவேண்டும். தரை நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போகவேண்டும். அழித்துவிட்டு அப்படி வரைந்தேன். அதே எட்டு வட்டம், அதே பென்சில். பந்துக்கு எடை வந்துவிட்டது! அன்று அந்தத் தாள்களை எத்தனை தடவை புரட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

இதற்குப் பெயர் ஸ்பேசிங். ஓர் அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்பது டைமிங். அந்த ஃபிரேம்களுக்குள் பொருள் எங்கெங்கே நிற்கிறது என்பது ஸ்பேசிங். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும்.

டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட புத்தகத்தில் 12 அடிப்படை விதிகளைச் சொல்கிறார்கள். முதல் விதி, நசுங்குவதும் நீள்வதும். புதிதாக வருகிறவர்கள் தரையில் பட்ட பந்தைச் சப்பையாக்குவார்கள்; பக்கவாட்டில் விரிக்க மறந்துவிடுவார்கள். கனஅளவு மாறக் கூடாது. மாறினால் பந்து நசுங்கியதாகத் தெரியாது, சிறுத்துப்போனதாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் இரண்டு கீ, அதாவது அசைவின் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும், வைத்தால் நடுவில் உள்ளதை அதுவே நிரப்பிவிடுகிறது. ஆனால் நாம் எதையும் மாற்றாவிட்டால், பெரும்பாலும் அசைவின் இரு முனையையும் மெதுவாக்கிவிடும். தரையைத் தொடும் முன்பே பந்து தயங்கும், பஞ்சில் விழுவதுபோல. எந்த முனையில் மெதுவாக, எந்த முனையில் வேகமாக என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

இன்றும் வரைய உட்கார்ந்தால் முதலில் தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, எந்தப் படம் எதற்கு எவ்வளவு பக்கத்தில் என்று சிறு குறுக்குக் கோடுகள் போட்டுக்கொள்கிறேன். நேற்று வரைந்தது, ஒரு பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் காட்சி. முன்னால் சாய்வதற்கு மூன்று கோடு. முழங்காலில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் இடத்துக்கு ஒன்பது.